நாற்பது பேருக்குத் தெரியாமல் ஒரு வாசல்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வென்டிலேட்டர் வழியாக ரவுட்டர் அறைக்குள் குதிக்கவில்லை. எங்கள் கம்பெனி கான்டீனில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதையில் நான் அப்படிக் குதிக்கிறேனாம், பல்லில் ஒரு வயரைக் கடித்துக்கொண்டு. என் இடுப்பளவு தெரிந்த எவனும் இதை நம்பமாட்டான். ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு என் இடுப்பளவு தெரியாது. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் வலியசாலை வீட்டில் பகலில் தூங்கப் பழகிக்கொண்டிருக்கும்போது, அவர்களில் ஒருத்தி, அஸ்வதி, போன் செய்தாள்.

"சாரே, அந்த எக்ஸாம் நாள் கதையை ஆளுக்கொரு விதமா சொல்றா. ஒருத்தர் சொல்றார், நீங்க ரவுட்டரைக் கட்டிப் பிடிச்சுண்டு அழுதேளாம். நேரா எழுதித் தாங்கோ. ஆபீஸ் ஆண்டு மலர்ல போடறோம்."

அழுதது உண்மை இல்லை. கண்ணில் வேர்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேபிள் இழுத்தேன், ஏணியிலிருந்து விழுந்தேன், மறுபடியும் கேபிள் இழுத்தேன். பிறகு ஒருநாள் கையில் ஒரு ரவுட்டரைக் கொடுத்து, "இதுக்கு நாட் போடு" என்றார்கள். நாட் என்றால் முகவரி மாற்றம். ஒரு கட்டடத்துக்குள் நூறு கணினி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் முகவரி ஒன்று இருக்கும். வெளியுலகத்துக்கு அந்த முகவரிகள் செல்லாது. வெளியே போகும்போது எல்லோரும் ரவுட்டரின் ஒரே வெளி முகவரியை மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். பதில் வரும்போது அது யாருக்கு வந்தது என்று ரவுட்டர் பார்த்து, பிரித்துக் கொடுக்கும்.

எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது, அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெரு முழுக்க ஒரே டெலிபோன்தான், பாகீரதி மாமி வீட்டில். தெருவில் எல்லோருடைய கல்யாணப் பத்திரிகையிலும் அந்த நம்பர்தான் பி.பி., அதாவது பக்கத்து வீட்டு போன், என்று போட்டு அச்சாகும். யார் பம்பாய்க்கு டிரங்கால் போட்டார்கள், திரும்ப அழைப்பு வந்தால் எந்த வீட்டு வாசலில் போய்க் கத்தவேண்டும் என்பதெல்லாம் மாமி மனசுக்குள் இருக்கும். மாமிதான் எங்கள் தெருவின் ரவுட்டர். மாமி மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டால் பம்பாய் காத்துக்கொண்டிருக்கும். ரவுட்டர் தன் மனசில் வைத்திருக்கும் இந்தப் பட்டியலை நாங்கள் டேபிள் என்போம். அதைத் துடைத்துவிட்டால், அந்த நிமிஷம் வெளியே பேசிக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் பேச்சு அறுந்துவிடும். இது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் மேலதிகாரி சிவகாமி மேடம். நாகர்கோவில் பக்கத்துக்காரர். வாடிக்கையாளரிடம் மலையாளம், எங்களிடம் நாஞ்சில் தமிழ், மெஷினிடம் இங்கிலீஷ். மூன்றிலும் குரல் உயராது. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைப்பது எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு பெரிய தப்பு நாம் செய்திருக்கிறோம் என்று பொருள். எங்கள் கீபோர்டை ஒருபோதும் தொடமாட்டார். பின்னால் கைகட்டி நிற்பார். "உம்ம கை, உம்ம பிழை. எனக்க கையை அதுல இழுக்காதேயும்" என்பார்.

ரவுட்டரைத் தொடுவதற்கு முன் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எது அகம், எது புறம்?" நாட் போடும்போது ரவுட்டரின் எந்தப் பக்கம் உள்ளே பார்க்கிறது, எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்று அதற்குச் சொல்லவேண்டும். நாங்கள் ஒரு காகிதத்தில் பெட்டி வரைந்து இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டுக் காட்டவேண்டும். வாயால் சொன்னால் போதாது. நான் தமிழ்த் தேர்வு எழுதிய காலத்தில்கூட அகம் புறத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

கொடுக்காமல் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பழவங்காடியில் ஒரு பெரிய பாத்திரக்கடை. நான் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே அந்தக் கடை ரவுட்டருக்குள் நுழைந்து, அகத்தைப் புறமாகவும் புறத்தை அகமாகவும் போட்டு, என்டர் தட்டினேன். தட்டிய மாத்திரத்தில் திரை உறைந்துவிட்டது. நான் ஏறி நின்ற கிளையை நானே வெட்டியிருக்கிறேன். பதற்றம் வந்தால் என் உடம்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் இடது காது சூடாகும். பிறகு வயிற்றுக்குள் யாரோ ஜமுக்காளம் உதறுவார்கள். அப்புறம் வாய் தானாகவே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்ளும். எத்தனை என்று எனக்கே தெரியாது, வாய் பாட்டுக்கு நேரும்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். கோயில் முன்னால் யாரோ வீசி உடைத்த தேங்காயின் சில்லு ஒன்று நெற்றியில் பட்டது. அதைப் பிள்ளையார் அட்வான்ஸாகக் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. "ஏ தம்பி, பில்லு போடுத மெசினு நின்னுபோச்சு. கல்யாண வீட்டுக்காரவுக அண்டாவத் தலையில வச்சிக்கிட்டு நிக்காவ!" என்று கத்தினார். உண்மையிலேயே ஒருவர் தலையில் வைத்துக்கொண்டுதான் நின்றார். ரவுட்டர் பரணில் இருந்தது. உருளி அடுக்கின் மேல் ஏறி ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். நான் செய்த மாற்றத்தைச் சேமித்திருக்கவில்லை, அதனால் ரவுட்டர் எழும்பியபோது பழைய நல்ல புத்தியோடு எழும்பியது. பில் மெஷின் ஓடியது. அண்டா தலையிலிருந்து இறங்கியது.

மேடம் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: "ஸ்விட்ச அணைச்சுப் போட நீரு எதுக்கு ஓடணும்? பத்து நிமிசத்துல நீயே அணைஞ்சு எழும்புன்னு அதுகிட்ட முன்கூட்டியே சொல்லி வையும். பிறகு உம்ம வேலையைப் பாரும். நல்லபடியா முடிஞ்சா அந்த உத்தரவ வாபஸ் வாங்கும். முடியலைன்னா கையைக் கட்டிட்டு உக்காரும். அது எழும்பிப் பழையபடி ஆயிக்கிடும்."

அதற்கு ரீலோட் உத்தரவு என்று பெயர். அன்றிலிருந்து அது எனக்குச் சட்டை போடுவது மாதிரி ஆகிவிட்டது. அதோடு மேடத்தின் இன்னொரு சட்டமும் ஒட்டிக்கொண்டது. எழுதியதை என்டர் தட்டுமுன் வாய்விட்டுப் படிக்கவேண்டும், பக்கத்தில் யாராவது கேட்கவேண்டும். "கண்ணு பொய் சொல்லும். நாக்கு அவ்வளவு வேகமாப் பொய் சொல்லாது" என்பார். என் நாக்கை அவருக்கு அப்போது சரியாகத் தெரியாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நகரத்தில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். அதன் நெட்வொர்க் எங்கள் பொறுப்பு. அன்று அங்கே இரண்டு காரியம். மேல்மாடிக் கணினிக் கூடத்தில் நாற்பது பேர் ஒரு வேலைக்கான ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள், மத்தியானம் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். கீழே ஒரு சின்ன அறையில் நர்சிங் சேர்க்கைக்கான உதவி மேஜை. இடம் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே வந்து, சேர்க்கைத் தளத்தில் சான்றிதழ்களை ஏற்றி, "எனக்கு இந்த இடம் வேண்டும்" என்று உறுதி செய்யவேண்டும். கடைசி நாள் அன்று. மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். உறுதி செய்யாத இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்தத் தளத்துக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. பதிவு செய்த உதவி மேஜைகளிலிருந்து, பதிவு செய்த முகவரியோடு வந்தால்தான் கதவைத் திறக்கும். கைப்பேசியிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ போனால் உள்ளே விடாது. விண்ணப்பத்தில் எந்த மேஜையைத் தேர்ந்தெடுத்தார்களோ அங்கேயேதான் முடிக்கவேண்டும்.

காலையில் யாரோ சாலையை வெட்டி, எங்கள் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் இது செய்தியல்ல. இணையச் சேவைக்காரர்கள் மாற்று லைன் ஒன்று கொடுத்தார்கள். அதன் வெளி முகவரி வேறு. தேர்வுத் தளத்துக்கு அது போதும், எந்த முகவரியோடு தொடங்குகிறதோ அதையே வைத்துக்கொள்ளும். ஆனால் நடுவில் முகவரி மாறினாலோ இணைப்பு அறுந்தாலோ, வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான் என்று சந்தேகப்பட்டு அந்தத் தேர்வரைப் பூட்டிவிடும். அன்று பூட்டியது அன்று திறக்காது. சேர்க்கைத் தளமோ மாற்று முகவரியைப் பார்த்து, நான் எத்தனை தடவை தட்டினாலும் நீ யார் என்றது.

உதவி மேஜைக்கு வரவேண்டியவர்கள் எல்லோரும் முந்தின நாட்களிலேயே முடித்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. ரேவதி. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து அப்பா பேச்சிமுத்துவோடு முதல் பஸ்ஸில் வந்தவள். வருமானச் சான்றிதழ் முந்தின நாள் மாலைதான் கைக்குக் கிடைத்ததாம். காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா ஒவ்வொரு அரை மணிக்கும் எழுந்து வந்து என் திரையைப் பார்ப்பார். புரிந்தமாதிரி தலையாட்டுவார். போய் உட்காருவார்.

நாலு மணிக்குச் சற்று முன்னால் கேபிளைச் சரிசெய்துவிட்டதாகப் போன் வந்தது. பதிவு செய்த முகவரி திரும்ப உயிரோடு வந்துவிட்டது. நான் துள்ளி எழுந்தேன். மேல்மாடியில் தேர்வுக் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த ரவுட்டர் அறைக்கு ஓடினேன். கதவில் பூட்டு, பூட்டின் மேல் காகிதம், காகிதத்தின் மேல் அரக்கு முத்திரை, தேர்வு முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று.

தேர்வு மேற்பார்வையாளர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடுதான் வாதாட முடியாது.

"சீல் வச்சா வச்சதாணு சாரே. அஞ்சரை கழியாதெ பொட்டிக்கான் பற்றில்ல."

ஐந்தரைக்கு முன் முத்திரையை உடைக்க முடியாது. "ஒரு குட்டியோட சீட்டு சாரே" என்றேன்.

"அகத்து நாற்பது குட்டிகள் உண்டு" என்றார்.

திரும்பி வந்து உதவி மேஜைக் கணினியிலிருந்தே ரவுட்டருக்குள் நுழைந்தேன். மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ரேவதியும் பேச்சிமுத்துவும் பின்னால் வந்து நின்றார்கள். இடது காது சூடாகத் தொடங்கியிருந்தது.

"எது அகம், எது புறம்?" என்றார் மேடம்.

"அகம் ஒண்ணு மேடம். புறம் இன்னைக்கு ரெண்டு."

"ஆங். அப்ப வீட்டுக்கு ரெண்டு வாசல். என்ன செய்யப் போறீரு?"

"எல்லாரையும் பழைய வாசலுக்கே மாத்திடறேன்."

போனில் கண்ணாடி துடைபடுவது எனக்குக் கேட்டது. உண்மையில் கேட்டிருக்காது, ஆனால் கேட்டது.

"நாற்பது பேரு பரீச்சை எழுதுகானுக," என்றார். "அவனுக மொகத்த நடுவுல மாத்துவீரா? அவனுக இப்பப் போற வாசல அவனுகளுக்கே விட்டுரும். சேர்க்கைத் தளத்துக்குப் போற வழி மட்டும் பழைய வாசல் வழியா. அந்த வாசல் வழியாப் போறவங்களுக்கு மட்டும் பழைய மொகம். வேற ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியப்படாது."

மேடம் பாஷையில் வாசல் என்றால் லைன், மொகம் என்றால் வெளி முகவரி. அவர் சொன்னதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். செய்யும்போது ஒரே ஒரு வரியில் எல்லாம் தொங்குகிறது. "பழைய வாசல் வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும்" என்ற நிபந்தனையை விட்டுவிட்டு முகமாற்ற விதியை எழுதினால், தேர்வர்கள் அடுத்த கேள்விக்குப் போகும்போது தப்பான முகத்தை மாட்டிக்கொள்வார்கள். மேலே நாற்பது திரையும் பூட்டிக்கொள்ளும்.

நான் எழுதத் தொடங்கினேன். கை தானாகச் சட்டை போட்டுக்கொண்டது. வாய்விட்டுப் படித்தேன்: "ரீலோட் இன் டென்..."

"ஹரி."

என் பெயர் ஹரிஹரன். மேடம் என்னைப் பெயர் சொல்லி அழைப்பது அபூர்வம். "நீரு" என்றே ஓட்டிவிடுவார்.

"பத்து நிமிசத்துல அது அணைஞ்சு எழும்பும்போது அந்த நாற்பது பேரும் எங்க போவானுக?"

என் விரல் என்டர் மேல் இருந்தது. அதைக் கட்டி இழுத்துத் தூக்கவேண்டியிருந்தது. இத்தனை வருஷம் நான் விழாமல் இருக்க விரித்து வைத்த வலை, அன்று நாற்பது பேர் கழுத்தில் விழ இருந்தது. எழுதியதை அழித்தேன்.

"அப்போ வலை இல்லாமலா மேடம்? நான் தப்பா அடிச்சு வெளியில மாட்டிண்டா? ரூமுக்கு சீல் வெச்சிருக்கான்!"

"அதனால தப்பா அடிக்காதேயும்" என்றார், கடையில் கொத்தமல்லியும் வாங்கி வாரும் என்று சொல்கிற குரலில். "இந்தச் சட்டத்தப் போட்டது நான். இன்னைக்கு எடுத்துட்டேன். கேட்டீரா? மெதுவா எழுதும். படிச்சுச் சொல்லும்."

ஜமுக்காளம் உதறுவது தொடங்கியது. பேச்சிமுத்து என் முதுகுக்குப் பின்னாலிருந்து மகளிடம் கேட்டார்: "என்னம்மா, சாருக்கு ஒடம்புக்கு முடியலியா?"

"சும்மா இருப்பா. சார் யோசிக்காரு."

அவளுடைய அந்த நம்பிக்கையில் என் காது இன்னும் சூடானது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். என் பதற்றம் எல்லாம் காதிலும் வயிற்றிலும்தான். விரலுக்கு அது வந்ததில்லை. மேல்பாதி நடுங்கிக்கொண்டிருக்கும்போது கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். வீட்டில் என் மனைவி இதைக் குழாய் ரிப்பேரிலேயே பார்த்திருக்கிறாள். "ஏன்னா, புலம்பிண்டே பண்றேள், ஆனா சரியாத்தான் பண்றேள்" என்பாள். எனக்குக் கிடைத்த பெரிய நற்சான்று அதுதான்.

சேர்க்கைத் தளத்துக்கு மட்டும் பழைய வாசல் என்று வழி எழுதினேன். படித்தேன். "ம்" என்றார் மேடம். தட்டினேன். மேலேயிருந்து கூச்சல் ஏதும் வரவில்லை. பழைய வாசல் வழியாக வெளியேறுகிறதா என்று பார்க்கும் நிபந்தனையை எழுதினேன். படித்தேன். "இன்னொருக்கப் படியும்" என்றார். படித்தேன். "ம்." தட்டினேன். அந்த நிபந்தனையை முகமாற்ற விதியோடு சேர்த்தேன். படிக்கும்போது குரல் கீச்சென்று ஆகிவிட்டது. மேடம், "மனுசக் குரல்ல படியும்" என்றார். படித்தேன். தட்டினேன்.

மேலே மௌனம். நாற்பது பேர் மௌனமாக இருப்பதைப்போல இனிமையான சங்கீதம் உலகத்தில் இல்லை.

ரேவதியின் பக்கத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. காலையிலிருந்து நான் அந்தத் தளத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தேன் அல்லவா, அந்தப் பழைய பேச்சுகள் எல்லாம் ரவுட்டரின் டேபிளில் மாற்று முகத்தோடு பதிந்து கிடந்தன. ரவுட்டர் பாகீரதி மாமியைப்போல. ஒரு தடவை மனசில் பதிந்ததைத் தானாக விடாது. துடைத்துவிடவேண்டும்.

"மேடம், டேபிளைத் துடைக்கணும்," என்றேன். பதிலில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. காலையிலிருந்து சேவைக்காரர்களிடம் கத்திக் கத்தி சார்ஜ் தீர்ந்துவிட்டது.

சுவரில் கடிகாரம். ஐந்துக்குப் பெரிய இடைவெளி இல்லை. சார்ஜரைத் தேட நேரமில்லை. சட்டப்படி யாராவது கேட்கவேண்டும். திரும்பிப் பார்த்தேன்.

"ரேவதி, இங்க்லீஷ் படிப்பியோல்லியோ?"

"படிப்பேன் சார்."

"நான் எழுதறதை நீ சத்தமாப் படி. அர்த்தம் புரியவேண்டாம்."

வழக்கமாக எழுதுவதை எழுதினேன். வழக்கமாக என்பதுதான் பிரச்சினை. அவள் குனிந்து, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"கிளியர்... ஐ.பி... நாட்... டிரான்ஸ்லேஷன்... ஸ்டார். சார், ஸ்டார்னா என்ன சார்?"

"ஸ்டார்னா எல்லாரும்" என்றேன்.

"எல்லாரும் எதுக்கு சார்? நான் மட்டுந்தான?"

காது, வயிறு, வாய் மூன்றும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கின. தேங்காய்க் கணக்கு எங்கே போய் நின்றது என்று பிள்ளையாருக்குத்தான் தெரியும். நட்சத்திரத்தை அழித்தேன். அது அழியும்வரை அழிக்கும் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை, அதனால் பாதி வரியும் சேர்ந்து அழிந்தது.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. சிக்கனம் பண்றேன்."

உதவி மேஜைக் கணினியின் உள்முகவரியை எழுதி, அதன் பழைய பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் படித்தாள். இப்போது குரலில் கொஞ்சம் அதிகாரம் வந்திருந்தது. ஓரிடத்தில், "இந்த நம்பர் மேல இருக்கற நம்பரோட சேரலியே சார்" என்றாள். சேர்ந்துதான் இருந்தது. ஆனாலும் நான் இருமுறை பார்த்தேன். அன்றைக்கு யார் சொன்னாலும் பார்த்திருப்பேன், பேச்சிமுத்து சொன்னால்கூட.

பக்கம் திறந்தது.

சேர்க்கைத் தளத்தின் அந்த மங்கிய நீலப் பக்கத்தை அதுவரை அழகென்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சான்றிதழ்கள் ஏறின. வருமானச் சான்றிதழ் ஏறியது. கடைசியில், பதிவு செய்த கைப்பேசிக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது.

"போன் எங்கே?" என்றேன்.

பேச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அணைத்து வைத்திருந்தார்.

"அண்ணா, இதை ஏன் ஆஃப் பண்ணினேள்?"

"சார் வேல செய்யும்போது மணி அடிச்சா எடஞ்சலா இருக்கும்னுட்டுதான் சார்."

அது உயிர்பெற்று, ஒரு பூவை விரித்து, ஒரு பாட்டு பாடி, சிக்னலைத் தேடி முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம், பிரசவ அறை வாசலில் நிற்பவர்களைப்போல. எண் வந்தது. போட்டேன். "உறுதி செய்" என்ற பொத்தான் வந்தது. நான் மவுஸை நகர்த்தினேன். விரலுக்குப் பதற்றம் வந்ததில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா, அது அந்த நிமிஷம்வரை உண்மை. அம்பு பொத்தானைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"நான் அமுக்குதேன் சார்" என்று ரேவதி மவுஸை வாங்கிக்கொண்டாள். ஒரே தட்டு. தயங்கக்கூட இல்லை.

இடம் உறுதியானது. பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. பேச்சிமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கினார். ரேவதி மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"சார், போன்ல அந்த மேடம் சொன்னாங்கள்ல, வேற மொகம் மாட்டிக்கிட்டுப் போகணும்னு. அப்ப அந்தச் சீட்டு யார் பேர்ல ஏறிருக்கு? காலேஜ் பேர்லயா?"

இத்தனை வருஷம் இந்த வேலை செய்தேன். வாடிக்கையாளர்கள் என்னிடம் ஏன் நிற்கிறது, எப்போது வரும், எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"முகவரி மட்டும்தாம்மா காலேஜோடது," என்றேன். "உள்ள போற எழுத்து ஒண்ணையும் ரவுட்டர் தொடாது. பேரு உன்னோடது. பார்."

அவள் அப்பா கையிலிருந்த தாளை வாங்கிப் பெயரைப் பார்த்தாள். இன்ஷியலைப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள். பஸ் போய்விடும் என்று இரண்டு பேரும் ஓடினார்கள். நன்றி சொன்னார்களா என்று ஞாபகமில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே யாராவது கத்துகிறார்களா என்று.

கத்தவில்லை. ஐந்தரைக்கு மணி அடித்தது. சார்ஜரைத் தேடிப் பிடித்து மேடத்தை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நட்சத்திரத்தையும் சொன்னேன், அதை மறைத்தால் எப்படியும் கண்டுபிடிப்பார். "அந்தப் பிள்ளைய நம்ம ஆபீஸுக்கு எடுக்கலாமான்னு பாத்தேன்," என்றார். "நர்ஸாவட்டும். அங்கயும் படிச்சுப் பாத்துட்டு ஊசி போட ஆளு வேணும்."

படியேறி மேலே போனேன். மேற்பார்வையாளர் அரக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னு நெட்வொர்க்கு சூப்பராயிருன்னு சாரே. ஒரு குழப்பமும் இல்ல. சாருக்கு இன்னைக்கு ஜோலியே இல்லல்லோ!"

"இல்ல சாரே," என்றேன். "சும்மா இருந்தேன்."

கூடத்தின் கதவு திறந்து நாற்பது பேரும் வெளியே வந்தார்கள். நான் சுவரோரமாக ஒதுங்கி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவன் கணக்குக் கேள்வியைத் திட்டிக்கொண்டு வந்தான். ஒருத்தி பின்வரிசை ஃபேன் சுற்றவில்லை என்று புகார் சொன்னாள். இரண்டு பேர் ஒரு விடையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக வந்த பையன் மட்டும் என் முன்னால் நின்றான். எதையோ கேட்க வாயெடுத்தான். என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"சேட்டா, டாய்லெட் எவிடெயா?"

அவனை நானே கூட்டிக்கொண்டு போய் அந்த வாசல்வரை விட்டுவிட்டு வந்தேன்.